38 ஸ்லைடுகளும் அப்பாவின் ஒரு கேள்வியும்



இந்த வார எபிசோடின் கடைசியில் ஒரு நேயர் கடிதத்தை வாசித்துவிட்டு, "இதுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல முடியாது, நியூஸ்லெட்டர்ல விரிவா எழுதுறேன்" என்று நழுவிவிட்டேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றும் நேரம் வந்துவிட்டது.

கடிதம் எழுதியவர் வேதியியலில் பி.எச்.டி. செய்கிறார், இரண்டாம் வருடம். அவர் கேட்டது: "எங்க யுனிவர்சிட்டில பிரசன்டேஷன் ஸ்கில்ஸ் டிரெய்னிங் எல்லாரும் போகணும்னு சொல்றாங்க. மொத்தம் நாலு நாள். அந்த நாலு நாள்ல லேப்ல ஒரு எக்ஸ்பெரிமென்ட்டே முடிச்சிடுவேன். இதெல்லாம் இங்கிலீஷ் சரளமா பேசுறவங்க மேடையில ஜொலிக்கிறதுக்கான விஷயம்தானே? நான் போய் என்ன பண்ணப்போறேன்?"

சுருக்கமான பதில்: போங்க. முடிந்தால் இந்த வாரமே பெயரைக் கொடுங்க.

நீளமான பதில் கீழே. அதில் என் மானம் போன கதையும் இருக்கிறது. பாட்காஸ்டில் இத்தனை நாள் நான் சொல்லாத கதை.

அந்த 25 நிமிடங்கள்

ஆஸ்திரேலியாவில் பி.எச்.டி. சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆனதும் 'கன்ஃபர்மேஷன்' என்று ஒரு படி உண்டு. செய்த வேலை பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும், எல்லோர் முன்னாலும் பேச வேண்டும், ஒரு பேனல் கேள்வி கேட்கும். தேறினால்தான் முழு பி.எச்.டி. மாணவர். இல்லையென்றால் மறுபடி வரச் சொல்வார்கள், எம்.ஃபில்லுக்கு இறக்கவும் செய்யலாம். வெளியே போகச் சொல்லவும் செய்யலாம்.

எனக்கு அது 2014-ல் வந்தது. ஆராய்ச்சித் தலைப்பு: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. சவ்வுகளின் மேல் பாக்டீரியா படலம் கட்டாமல் தடுக்க ஒரு பூச்சு. இப்போது ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் முதல் ஸ்லைடில் தலைப்பு மட்டும் மூன்று வரி.

கொடுத்த நேரம் 25 நிமிடம். என்னிடம் 38 ஸ்லைடுகள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். பத்தாம் வகுப்பு பப்ளிக் பரீட்சைக்குப் படித்த மாதிரிதான். ஒரு வருடத்தில் செய்தது எதையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் உழைக்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்கிற பயம். 19-ஆவது ஸ்லைடில் இருக்கும்போது தலைவர், "இன்னும் ஐந்து நிமிடம்" என்றார். மீதி 19 ஸ்லைடுகளை ஐந்து நிமிடத்தில் ஓட்டினேன். சொல்லி முடித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது.

பேனலில் என் துறை சாராத ஒருவர் இருந்தார், மண்ணியல் பேராசிரியர். முதல் கேள்வி அவருடையது. "நிறைய உழைச்சிருக்கீங்க, அது தெரியுது. ஆனா உங்க கேள்வி என்ன?"

நான் 7-ஆவது ஸ்லைடுக்குத் திரும்பிப் போய், 'நோக்கங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே இருந்த ஐந்து புள்ளிகளையும் மறுபடி வாசித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இது நீங்க செய்யப்போற வேலைகளோட பட்டியல். நான் கேட்டது கேள்வி. எதைக் கண்டுபிடிக்கணும்னு இதையெல்லாம் செய்றீங்க?"

அந்த அறையில் ஏசி சத்தம் கேட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

முடிவு: மூன்று மாத அவகாசம், மறுபடி பேச வேண்டும். கடிதத்தில் நாசூக்காக இன்னொன்றும் எழுதியிருந்தது. இரண்டாம் முறையும் தேறாவிட்டால் என் சேர்க்கை பரிசீலனைக்கு வரும். வெளிநாட்டு மாணவருக்கு அதன் அர்த்தம் தெரியும். சேர்க்கை போனால் ஸ்காலர்ஷிப் போகும், விசாவும் போகும். ஊருக்கு போன் செய்து, "இன்னொரு தரம் பேசச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். "நல்லா பேசிருப்பே, அதான் மறுபடி கேக்குறாங்க" என்றார் அம்மா. மறுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கோபம் முழுக்க என் இங்கிலீஷ் மேல் போயிற்று. என் உச்சரிப்புதான் காரணம், இவங்களுக்குப் புரியவில்லை என்று என் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "உன் இங்கிலீஷ்ல குறையில்லை. நீ என்ன சொல்ல வர்றேன்னு எனக்கே புரியலை. நான் உன் சூப்பர்வைசர்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: "இதை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கணும். எனக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை."

ஃபாரடேவும் கிளாஸுக்குப் போனார்

அவர் சொன்ன அந்தக் கடைசி வரிதான் இந்த விஷயத்தின் வேர். சோதனை செய்வதை, புள்ளிவிவரம் போடுவதை, கட்டுரை எழுதுவதைப் பாடமாக நடத்துகிறோம். பேசுவதை மட்டும் பிறவிக் குணம் என்று விட்டுவிடுகிறோம். "அவருக்கு நல்லா பேச வரும்", "எனக்கு வராது". அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

மைக்கேல் ஃபாரடேயை எடுத்துக்கொள்ளுங்கள். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர், கல்லூரிப் படிப்பு கிடையாது. 1813-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளராகச் சேர்ந்தார். மேடை ஏறுவதற்கு வெகு காலம் முன்பே மற்றவர்களின் சொற்பொழிவுகளைக் கவனித்து, அரங்கம் எப்படி இருக்க வேண்டும், பேசுபவர் எப்படி நிற்க வேண்டும் என்றெல்லாம் தன் நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்குக் கடிதங்கள் எழுதினார். பிறகு பெஞ்சமின் ஸ்மார்ட் என்கிற பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடமும் கற்றார். பேசும்போது தனக்கு முன்னால் 'மெதுவாக' என்று எழுதிய அட்டை ஒன்றை வைக்கச் சொல்வாராம். ஒரு மணி நேரம் முடியப்போகும்போது 'நேரம்' என்று எழுதிய இன்னொரு அட்டை வரும். 1825-ல் தொடங்கிய ராயல் இன்ஸ்டிட்யூஷன் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் 19 தொடர்களை நடத்தியவர் இவர். அவருக்கே அட்டை தேவைப்பட்டது!

பல்கலைக்கழகங்கள் இதை முறையாக எடுத்துக்கொள்ள ரொம்ப காலம் பிடித்தது. பிரிட்டனில் 2002-ல் இயற்பியலாளர் கேரத் ராபர்ட்ஸ் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அறிவியல், பொறியியல் பி.எச்.டி. மாணவர்களுக்கு வருடத்துக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது, பேச்சு, நிர்வாகம் மாதிரியான பொதுத் திறன்களில் பயிற்சி வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அரசு அதற்குத் தனியாகப் பணமும் ஒதுக்கியது. அமெரிக்காவில் 2009-ல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில், நடிகர் ஆலன் ஆல்டாவின் முயற்சியில், அறிவியலை எடுத்துச்சொல்லக் கற்றுத்தரும் மையம் ஒன்று உருவானது. அங்கே விஞ்ஞானிகளுக்கு நாடகக்காரர்களின் பயிற்சிகளைக் கொடுக்கிறார்கள். நடிக்கவைக்க அல்ல, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசப் பழக.

ஆஸ்திரேலியாவின் பங்கு 'த்ரீ மினிட் தீசிஸ்' போட்டி. 2008-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் பிறப்புக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போது அந்த மாநிலத்தில் கடுமையான வறட்சி. குளிக்கிற நேரத்தைக் குறைக்கச் சொல்லி, மூன்று நிமிட மணல் டைமரை குளியலறைச் சுவரில் மாட்டும் பழக்கம் வந்திருந்தது. அங்கே ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு டீனாக இருந்த ஆலன் லாசனுக்கு அதைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம்: மூன்று நிமிடத்தில் குளிக்க முடியும் என்றால், மூன்று நிமிடத்தில் ஆராய்ச்சியைச் சொல்ல முடியாதா?

விதிகள் கறாரானவை. மூன்று நிமிடம். அசையாத ஒரே ஒரு ஸ்லைடு. அனிமேஷன், ஆடியோ, வீடியோ கிடையாது. கையில் பொருள் எதுவும் எடுத்து வரக் கூடாது. பாட்டு, கவிதை கூடாது. மூன்று நிமிடத்தை ஒரு நொடி தாண்டினாலும் தகுதி நீக்கம். இன்றைக்கு எத்தனையோ நாடுகளில், நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்களில் இது நடக்கிறது.

கோல்ட் கோஸ்ட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எழுந்ததும் அதே வறட்சியால்தான். என் ஆராய்ச்சியே அந்த மாதிரி ஆலைகளைப் பற்றியது. ஒரே வறட்சி எனக்கு ஆராய்ச்சித் தலைப்பையும் கொடுத்தது, அதைச் சொல்லக் கற்றுக்கொடுத்த போட்டியையும் கொடுத்தது. அன்றைக்கு இது எனக்குத் தெரியாது.

நான்கு புதன்கிழமைகள்

என் பல்கலைக்கழகத்தில் அந்தப் போட்டிக்கு முன்னால் நான்கு வாரப் பயிற்சி வைத்தார்கள், புதன்கிழமை தோறும். வேறு வழியில்லாமல்தான் போனேன். நடத்தியவர் முன்பு வானொலியில் வேலை பார்த்தவர். அறிவியல் படித்தவரில்லை. "இவங்க எனக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போறாங்க" என்ற திமிர் எனக்கு முதல் அரை மணி நேரம் இருந்தது.

முதல் வாரம் செய்த பயிற்சிக்கு 'அரை ஆயுள்' என்று பெயர். கதிரியக்கப் பாடத்தில் வருமே, அதே அரை ஆயுள். ஜோடியாக உட்கார வேண்டும். உன் ஆராய்ச்சியை 60 நொடியில் சொல். அடுத்து 30 நொடியில் சொல். அடுத்து 15. ஒவ்வொரு முறையும் எதை வெட்டுகிறாய், எதை வெட்ட மனசு வரவில்லை என்று கவனி. கடைசியில் எதிரே இருப்பவர், தான் என்ன புரிந்துகொண்டார் என்று திருப்பிச் சொல்வார். என் ஜோடி வியட்நாமிலிருந்து வந்த ஒரு மாணவி, கரும்பு நோய் பற்றி ஆராய்ச்சி செய்பவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தண்ணி வடிகட்டுற பேப்பருக்கு நீ பெயின்ட் அடிக்கிறே." எனக்குச் சுருக்கென்று இருந்தது. யோசித்துப் பார்த்தால் நான் சொன்னது அவ்வளவுதான். ஏன் அடிக்கிறேன் என்பதை நான் சொல்லவே இல்லை.

இரண்டாம் வாரம் ஸ்லைடுகள். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி பல வருடங்களாகச் சொல்லிவரும் ஒரு முறை இருக்கிறது. ஸ்லைடின் தலைப்பில் ஒரு சொல்லைப் போடாதே, ஒரு முழு வாக்கியத்தைப் போடு. அந்த வாக்கியம் நீ சொல்ல வரும் முடிவாக இருக்கட்டும். கீழே புள்ளி வைத்த பட்டியலுக்குப் பதில் அதை நிரூபிக்கும் படமோ வரைபடமோ இருக்கட்டும். கேட்க எளிது. நான் என் 38 ஸ்லைடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். 'முடிவுகள் - 3' என்று இருந்ததை, 'பூச்சு உள்ள சவ்வில் முதல் 24 மணி நேரத்தில் பாக்டீரியா பாதிக்கும் குறைவாகவே ஒட்டுகிறது' என்று மாற்ற முடிந்தது. ஆனால் இருபதுக்கு மேற்பட்ட ஸ்லைடுகளுக்கு என்னால் வாக்கியமே எழுத முடியவில்லை. சொல்ல எதுவுமில்லாத ஸ்லைடுகள் அவை. என் உழைப்பைக் காட்டுவதற்காக மட்டும் அங்கே இருந்தன. நீக்கினேன். நீக்கும்போது வலித்தது.

மூன்றாம் வாரம் குரல். மூன்று நிமிடப் பேச்சை எழுதி, போனில் பதிவு செய்து, கேட்க வேண்டும். என் கையெழுத்துப் பிரதியில் 560 சொற்கள் இருந்தன. நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு 400 சொற்கள்தான் தாங்கும் என்றார் பயிற்சியாளர். என் உச்சரிப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் நான் எதிர்பார்க்காதது. "உச்சரிப்பை மாத்தாதே. அது உன்னோடது. புதுசா ஒரு உச்சரிப்பைக் கேக்குறப்போ காதுக்குப் பழக கொஞ்சம் நேரம் வேணும். அதனால முதல் ரெண்டு வாக்கியத்துல முக்கியமான எதையும் வைக்காதே, எளிமையா ஆரம்பி. கஷ்டமான சொல்லுக்கு முன்னாடி நில்லு. வேகத்தைக் குறை." நம் ஊரில் வேகமாகப் பேசினால்தான் கெட்டிக்காரி. இங்கே நான் முதலில் பழக வேண்டியிருந்தது நிறுத்துவதற்கு.

நான்காம் வாரம் கேள்வி பதில். கேட்ட கேள்வியை உன் சொற்களில் திருப்பிச் சொல். யோசிக்க நேரம் கிடைக்கும், சரியாகப் புரிந்துகொண்டாயா என்பதும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல். தெரிந்துகொள்ள என்ன சோதனை செய்வாய் என்று சேர்த்துச் சொல். 'தெரியாது' என்பது தோல்வி என்று வளர்க்கப்பட்ட எனக்கு இது நான்கு வாரத்திலேயே கடினமான பாடம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம்

மூன்றாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் நடுவில் ஒரு வீட்டுப்பாடம் இருந்தது. உன் துறை தெரியாத ஒருவரிடம் உன் ஆராய்ச்சியைச் சொல். வெளிநாட்டு மாணவர்கள் தாய்மொழியிலேயே சொல்லிப் பாருங்கள்.

என் அப்பா தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவரைப் பிடித்தேன். ஒரு வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன், அது என்னவென்று அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. 'தண்ணி சம்பந்தமா' என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

தமிழில் தொடங்கியதும் தடுக்கியது. 'சர்ஃபேஸ் மாடிஃபிகேஷன்' என்று இங்கிலீஷில் சொன்னால் அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள முடியும். தமிழில் ஒளிய இடமில்லை. என்ன செய்கிறேன் என்று சொல்லியே ஆக வேண்டும்.

"அப்பா, நம்ம வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்குள்ள ஒரு சவ்வு இருக்கும்ல?"

"ஆமா, மெம்பிரேன். அதை மாத்தணும்னு சொல்லித்தான் பணம் புடுங்குறான்."

"ஏன் மாத்தணும்?"

"அடைச்சுக்கும்."

"சும்மா அழுக்கு மட்டும் இல்லப்பா. பாக்டீரியா ஒட்டிக்கிட்டு, வழுவழுன்னு ஒரு படலம் கட்டும்."

"குடத்துல ரெண்டு நாள் தண்ணி நின்னா உள்ள கை வழுக்குமே, அதுதானே?"

"அதேதான்ப்பா." எனக்கு ஆச்சரியம். நான் இரண்டு ஸ்லைடில் சொன்னதை அவர் ஒரு குடத்தில் முடித்துவிட்டார்.

"அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? பிளீச்சிங் பவுடர் போட்டா போச்சு. டேங்க்ல நாங்க அதைத்தானே போடுவோம்."

"இந்தச் சவ்வுல க்ளோரின் பட்டா சவ்வே கெட்டுப்போயிடும். அதான் பாக்டீரியா ஒட்டாத மாதிரி மேல ஒரு பூச்சு பூசிப் பாக்குறேன்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார்:

"ஏம்மா, ஒட்டவே ஒட்டாதா? இல்ல, ஒட்டுறதுக்கு நாளாகுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. என் சோதனைகள் அனைத்தும் 24 மணி நேரச் சோதனைகள். நான் படித்த கட்டுரைகள் பலவற்றிலும் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே செய்தேன். ஆலையில் அந்தச் சவ்வு 24 மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாது. வருடக்கணக்கில் ஓட வேண்டும். என் பூச்சு பாக்டீரியாவைத் தடுக்கிறதா, தாமதப்படுத்துகிறதா? இந்த வித்தியாசம் ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட என் மண்டையில் உதிக்கவில்லை. 38 ஸ்லைடுகளில் எங்கேயும் இல்லை.

"தெரியலப்பா," என்றேன்.

"தெரியலன்னா அதைப் பாரும்மா. நாளானாலும் பரவாயில்ல. எத்தனை நாள்னு தெரிஞ்சாத்தானே கழுவுற ஆளை வரச் சொல்ல முடியும்."

முப்பது வருடம் வால்வு திறந்து மூடியவரின் கேள்வி அது. மண்ணியல் பேராசிரியர் கேட்டாரே, "உங்க கேள்வி என்ன" என்று, அதற்கான பதிலும் அதுவேதான்.

பிறகு நடந்தது

மறுநாளே லேப்பில் நீண்ட நாள் சோதனைக்கு வேலையைத் தொடங்கினேன். மூன்று வாரம் தொடர்ந்து ஓடும்படி அமைத்தேன். முடிவு எனக்குச் சாதகமாக இல்லை. முதல் சில நாட்கள் என் பூச்சு அழகாக வேலை செய்தது. அதன் பிறகு பாக்டீரியா மெதுவாகப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் வாரக் கடைசியில் பூச்சு இருந்த சவ்வுக்கும் இல்லாத சவ்வுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்பா சொன்ன இரண்டாவது விஷயம்தான் உண்மை: ஒட்டும், நாளாகும்.

இரண்டாவது கன்ஃபர்மேஷனில் 11 ஸ்லைடுகள். முதல் ஸ்லைடில் கேள்வி மட்டும்: 'இந்தப் பூச்சு படலத்தைத் தடுக்கிறதா, தள்ளிப்போடுகிறதா?' அடுத்து, தள்ளிப்போடுகிறது என்பதற்கான ஆதாரம். அடுத்து, எத்தனை நாள் தள்ளிப்போட்டால் ஆலைக்கு லாபம், சவ்வைக் கழுவும் இடைவெளியை எப்படி மாற்றலாம் என்று அடுத்த இரண்டு வருடத் திட்டம். 21 நிமிடத்தில் முடித்தேன். மீதியிருந்த நேரம் கேள்விகளுக்குப் போயிற்று. மண்ணியல் பேராசிரியர் இந்த முறை மூன்று கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கு, "தெரியாது, தெரிஞ்சுக்க இந்தச் சோதனை செய்வேன்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார். தேறினேன்.

மூன்று நிமிடப் போட்டியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். துறை அளவிலான முதல் சுற்றிலேயே வெளியேறினேன். 3 நிமிடம் 6 நொடி. குடம் உதாரணத்துக்கு அரங்கம் சிரித்தது, சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன், அந்த ஆறு நொடி போய்விட்டது. என் வியட்நாம் தோழி இறுதிச் சுற்று வரை போனார். இன்றைக்கும் எங்கே என்னைப் பார்த்தாலும், "பெயின்ட் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்.

இதில் உள்ள கோளாறுகள்

எல்லாம் நல்லது என்று எழுதிவிட்டால் விளம்பரமாகிவிடும். பயிற்சியிலும் போட்டியிலும் நான் பார்த்த குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆபத்து, மிகைப்படுத்தல். மூன்று நிமிடத்தில் சொல்லும்போது எல்லோருடைய ஆராய்ச்சியும் உலகத்தைக் காப்பாற்றுகிற மாதிரி ஆகிவிடும். 'ஒரு நாள் இது புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம். உண்மை அவ்வளவு நிச்சயமில்லை. எளிமையாகச் சொல்வதற்கும் பெரிதாகச் சொல்வதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, பயிற்சியாளர்கள் எல்லோரும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. உங்கள் சூப்பர்வைசர் முன்னால் சொல்லக் கூசுகிற வாக்கியம் பொதுமக்கள் முன்னாலும் வேண்டாம்.

இரண்டாவது, காலம் தவறிய பயிற்சி. பல இடங்களில் தீசிஸ் எழுதும் கடைசி வருடத்தில் இந்த வகுப்பு வருகிறது. அப்போது அது அலங்காரம் மட்டும்தான். சோதனைகள் முடிந்துவிட்டன, கேள்வியை மாற்ற முடியாது. முதல் வருடத்தில் வந்தால் ஆராய்ச்சியையே திருத்தும். எனக்கு நடந்தது அதுதான்.

மூன்றாவது, போட்டி ஏற்கெனவே நன்றாகப் பேசுபவர்களை மேடையேற்றும். தடுமாறுகிறவர்களுக்குத் தேவை போட்டி இல்லை, திரும்பத் திரும்பப் பழக ஓர் இடம். போட்டி பிடிக்கவில்லை என்றால் பயிற்சிக்கு மட்டும் போங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியவை

1. உங்கள் ஆராய்ச்சியை ஒரு கேள்வியாக எழுதுங்கள். கடைசியில் கேள்விக்குறி இருக்க வேண்டும். 'ஆய்வு செய்தல்', 'மேம்படுத்துதல்' என்று முடிந்தால் அது வேலை, கேள்வி இல்லை.

2. ஏற்கெனவே வைத்திருக்கும் ஸ்லைடுகளைத் திறந்து, ஒவ்வொன்றின் தலைப்பையும் முழு வாக்கியமாக மாற்றிப் பாருங்கள். வாக்கியம் வராத ஸ்லைடைத் தனி ஃபைலில் போட்டு வையுங்கள். யாராவது கேட்டால் காட்டலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

3. பேச்சை முழுதாக எழுதி, சொற்களை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 130 சொற்களைத் தாண்டினால் வெட்டுங்கள். வேகமாகப் பேசிச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

4. ஃபாரடே மாதிரி 'மெதுவாக' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டுங்கள். நான் இன்றைக்கும் இந்த பாட்காஸ்ட் மைக்கின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

5. வீட்டில் ஒருவரிடம் தமிழில் சொல்லுங்கள். புரியவைப்பதற்காக மட்டும் இல்லை. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடிதம் எழுதிய நண்பருக்கு: நான்கு நாளில் ஒரு எக்ஸ்பெரிமென்ட் முடித்துவிடலாம் என்கிறீர்கள். முடிக்கலாம். நானும் ஒரு வருடம் அப்படித்தான் 24 மணி நேர எக்ஸ்பெரிமென்ட்டுகளாக முடித்துக்கொண்டிருந்தேன். போய்ட்டு வாங்க. அப்புறம் லேப்புக்குப் போகலாம்.

அப்பாவுக்கு என் தீசிஸின் ஒரு பிரதியை அனுப்பினேன். நன்றியுரையில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் படித்திருக்கிறார். "மத்ததெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. கடைசில எத்தனை நாள்னு வந்துச்சு, அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். "அவ்ளோதானா?" என்றார்.

உங்களில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆராய்ச்சியை 60 நொடியில், தமிழில், ஒரு வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள். 61-ஆவது நொடியில் வெட்டிவிடுவோம், முன்னாடியே சொல்லிட்டேன். நல்லவற்றை அடுத்த மாத எபிசோடில் போடுகிறோம். எனக்கு ஒரு பழைய கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது, அதனால் நானும் ஒன்று பதிவு செய்கிறேன். இந்த முறை நேரத்துக்குள் முடித்துவிடுவேன் என்று நம்புகிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.